வாத்து சைக்கிளின் கழுத்து

இது நடந்தது. இட்டுக்கட்டியது இல்லை. அவளுடைய இடது கை ஆள்காட்டி விரலில் நாலு தையல் போட்ட தழும்பு இருக்கிறது. தையல் போட்ட கிளினிக்கின் சீட்டு இருக்கிறது. அதில் நேரம்கூடப் போட்டிருக்கிறார்கள். பிற்பகல் மூன்று ஐந்து. பேய் என்றால் நடுநிசியில்தான் வரும் என்று நினைத்திருப்பவர்கள் அந்த நேரத்தை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

அறுபத்தொரு வயதுப் பெண்மணியை 'அவள்' என்று எழுதுவது மரியாதைக் குறைவுதான். ஆனால் 'அவர்' என்று எழுதினால் நீங்கள் மாஸ்டரை நினைத்துக்கொள்வீர்கள். முப்பத்திரண்டு வருடமாக எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்கள்.

மாஸ்டர் அவளுடைய கணவர். சைக்கிள் பட்டறை வைத்திருந்தவர். போன வருடம் பட்டறை பெஞ்சில் மத்தியானத் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. 'வாத்து சைக்கிள் மாஸ்டர் மறைவு.'

வாத்து சைக்கிள் ஒரு சினிமாவில் வந்தது. நடக்க முடியாத மகளைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு ஓர் அப்பா கடல் பார்க்கக் கிளம்புகிற படம். பார்த்து அழாதவர்கள் கிடையாது. நடிகரை மறந்தாலும் சைக்கிளை யாரும் மறக்கவில்லை. முன்சக்கரம் சின்னது, பின்சக்கரம் பெரியது. நடுவில் மகளுக்கு ஒரு நாற்காலி. நாற்காலிக்கு அடியில் தாழ்ந்து போய், முன்சக்கரத்துக்கு மேல் விருட்டென்று நிமிர்கிற நீளக் குழாய். வாத்து கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரியே இருக்கும்.

அந்தக் கழுத்தை வளைத்தது அவள்.

படக்காரர்கள் எட்டே நாளில் வேண்டும் என்று நின்றார்கள். மாஸ்டர் சரி சரி என்று தலையாட்டிவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அந்தக் குழாயை வளைக்க வளைக்க நசுங்கிப் போகிறது. மூன்று குழாய் பாழான பிறகு, "இது ஆகாத வேலை" என்று பெஞ்சில் படுத்துவிட்டார். அவர் தூங்குகிற நேரத்தில் அவள் குழாய்க்குள் காய்ந்த மணலை இறுக்கி அடைத்தாள். இரண்டு முனையையும் கட்டையால் மூடினாள். கேஸ் டார்ச்சின் தீயால் செந்தணலாகச் சூடாக்கி, பழைய லாரிச் சக்கரத்தைச் சுற்றி வளைத்தாள். நசுங்கவில்லை. அடுத்தடுத்த மத்தியானங்களில் ஒவ்வொரு மூட்டாகப் பித்தளைக் கம்பி உருக்கி ஒட்டியதும் அவள்தான். மாஸ்டர் நல்ல பேச்சுக்காரர். அரத்தைப் பிடித்தால் மட்டும் கை ஆடும்.

படம் ஓடியது. போட்டோக்காரர்கள் வந்தார்கள். அவள் கையில் டார்ச்சோடு நின்றுகொண்டிருந்தாள். மாஸ்டர் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னார்.

"நீ உள்ள போய் எல்லாருக்கும் டீ போடு."

அவள் போனாள். திரும்பி வந்தபோது போட்டோ எடுத்து முடிந்திருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பேட்டி. ஒரே ஒரு பேட்டியில் அவளைப் பற்றி ஒரு வரி உண்டு. "என் சம்சாரம் நேரத்துக்கு டீ குடுத்து ரொம்ப ஒத்தாசையா இருந்தா." அந்தத் தாளை அவர் கண்ணாடி போட்டுப் பட்டறைச் சுவரில் மாட்டினார். முப்பத்திரண்டு வருடம் அதற்குக் கீழே நின்றுதான் அவள் வேலை பார்த்தாள்.

*

மாஸ்டர் போய்ப் பதினான்கு மாதம் கழித்து, ஒரு சினிமாக் காட்சியகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். நெட்டையான ஆள், மரியாதையான பேச்சு. அசல் சைக்கிள் படம் முடிந்த கையோடு காணாமல் போய்விட்டது, எங்கே தேடியும் கிடைக்கவில்லை, அச்சு அசலாக இன்னொன்று செய்து வைக்க வேண்டும் என்றார்.

"அப்பா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு" என்றான் மகன். பட்டறையின் முன்பக்கத்தைப் புது சைக்கிள் விற்கிற கடையாக மாற்றி அவன்தான் நடத்துகிறான். "இப்ப யாருக்கு சார் அது தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள்.

"பாத்திருக்கீங்களாம்மா, செய்யறப்போ?"

"நான்தான் செஞ்சேன்."

நெட்டை அதிகாரி மகனைப் பார்த்தார். மகன் சிரித்து மழுப்பினான். "அம்மா கூடமாட நின்னிருக்காங்க சார். அத சொல்றாங்க."

"கூடமாட நின்னது உங்கப்பா."

அவன் முகம் செத்துப்போயிற்று. அதிகாரி நாசூக்கானவர். "முதல்ல செய்யுங்கம்மா. மத்தத அப்புறம் பேசலாம்" என்று எழுந்துகொண்டார்.

அவர் போன பிறகு மகன் சொன்னான், "செத்துப்போன மனுஷனோட ஏம்மா போட்டி போடறீங்க?"

*

திங்கட்கிழமை வேலை ஆரம்பித்தது. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. அளவெல்லாம் கையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மணல் அடைத்துக் கழுத்தை வளைத்தாள். ஒரே தடவையில் வந்துவிட்டது. பின் பிரேமோடு சேர்த்து ஒட்டினாள். அன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

புதன்கிழமை ஒன்றே முக்காலுக்குப் பட்டறையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனாள். வீடு பின்னாலேயேதான். இரண்டு ஐம்பதுக்குத் திரும்பி வந்தாள்.

கழுத்தில் ஒரு வெட்டு.

ஒட்டிய மூட்டுக்குச் சரியாக மேலே, ஒரு விரல் ஆழத்துக்கு அறுபட்டிருந்தது. கீழே இரும்புத் தூள். தன் கண்ணே பிசகுகிறதோ என்று தடவிப் பார்த்தாள். பிசகவில்லை.

ஹாக்ஸா ஆணியில் தொங்கியது. இரும்பு அறுக்கிற அந்த வாளை எடுத்துப் பார்த்தாள். பிளேடு திருப்பி மாட்டியிருந்தது. பல் முன்னோக்கி இருந்தால்தான் தள்ளி அறுக்க முடியும். உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் மாட்டுவார்கள். பல்லைத் தன் பக்கம் பார்க்க மாட்டி, இழுத்து இழுத்து அறுக்கிற ஒரே ஒரு ஆளை அவளுக்குத் தெரியும்.

அவள் அதை நினைக்கவே இல்லை என்று சொன்னாள். நினைக்க மறுத்தாள் என்பதுதான் சரி. மகனைத்தான் நினைத்தாள். இன்னொரு சாவி அவனிடம் இருந்தது.

வெட்டை அடைத்து ஒட்டினாள். பிளேடைத் திருப்பி மாட்டினாள்.

வியாழக்கிழமை இரண்டு ஐம்பது. அதே இடத்தில் வெட்டு, இன்னும் ஆழமாக. பிளேடு மறுபடி திரும்பியிருந்தது. கூடவே இன்னொன்று. மாஸ்டரின் பெஞ்சில் அவள் குழாய்களை அடுக்கி வைத்திருந்தாள். அவை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி வைக்கப்பட்டிருந்தன. பெஞ்சு காலியாக இருந்தது. அதன் தலைமாட்டில் எண்ணெய் துடைக்கிற துணி ஒன்று... சுருட்டி... தலையணை மாதிரி.

அவள் நேரே முன்கடைக்குப் போனாள்.

"உங்கப்பா பேரக் காப்பாத்தறேன்னு இப்படியாடா பண்ணுவ?"

மகன் ஒரு வாடிக்கையாளருக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தான். "என்ன பண்ணேன்?"

"கழுத்த அறுத்திருக்க."

வாடிக்கையாளர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"அம்மா, நான் பன்னெண்டு மணிலேர்ந்து இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கல. சாப்பாடே இன்னும் சாப்பிடல." தன் சாவியைக் கழற்றி மேஜைமேல் எறிந்தான். "வச்சுக்குங்க. உங்களுக்கு மண்டையில ஏதோ ஆயிடுச்சு."

வெள்ளிக்கிழமை அவள் புதுப் பூட்டு வாங்கினாள். ஒரே சாவி. அதைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை இரண்டு ஐம்பதுக்குப் பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தாள். வாத்தின் கழுத்து துண்டாகித் தரையில் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மறுபடி ஒட்டினாள். அன்று வீட்டுக்குச் சாப்பிடப் போகவில்லை. எதுவும் நடக்கவில்லை. அதனால்தான் அடுத்த நாள், வெளியே போன மாதிரி காட்டி உள்ளேயே ஒளிந்திருந்து பார்ப்பது என்று முடிவெடுத்தாள்.

*

திங்கட்கிழமை. ஒன்று ஐம்பது.

ஷட்டரை உள்ளேயிருந்து இறக்கிப் பூட்டினாள். விளக்கைப் போட்டால் ஆள் இருப்பது தெரியும் என்று போடவில்லை. யாருக்குத் தெரியும் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவும் இல்லை. ஷட்டர் இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாகத் தரையில் விழுந்தது. வெளியே வண்டிச் சத்தம், முன்கடையில் மகன் போனில் பேசுகிற சத்தம். எல்லாம் பட்டப்பகலுக்குரிய சத்தம்.

சைக்கிளின் கழுத்து, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸில் இறுகி நின்றது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஹாக்ஸா ஆணியில் தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணி. ஒன்றுமில்லை.

இரண்டு ஐந்து. முன்கடைப் பேச்சு நின்றது. பிறகு வண்டிச் சத்தமும் நின்றது. ஒவ்வொன்றாக யாரோ மூடி வைக்கிற மாதிரி.

இரண்டு ஒன்பது. பெஞ்சு பக்கம்... கிரீச்.

படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சு அப்படித்தான் கத்தும்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பெஞ்சு காலி.

திரும்ப ஆணியைப் பார்த்தாள்.

ஹாக்ஸா இல்லை.

"ஹ்ம்... ஹ்ம்ம்."

தொண்டையைச் செருமுகிற சத்தம். பேட்டிக்கு முன்னால் அவர் செருமுவது அப்படித்தான்.

இரண்டு பத்து.

ஸ்ர்ர்க்.

ஹாக்ஸா கழுத்தின்மேல் இருந்தது. பிடித்திருக்க ஆள் இல்லை. கை இல்லை. ஆனால் பிடியில் ஒரு கனம் இருந்தது. அது பின்னால் போனது.

ஸ்ர்ர்க்... ஸ்ர்ர்க்...

இழுத்து. இழுத்து.

தூள் விழுந்தது. வெயில் கோட்டில் மினுங்கியது.

ஓடிப்போகத்தான் கால் துடித்தது என்று அவள் சொன்னாள். ஆனால் எழுந்தவள் வாசலுக்குப் போகவில்லை. வைஸுக்குப் போனாள். அவர் எவ்வளவோ செய்திருக்கிறார், ஆனால் நாற்பது வருடத்தில் ஒரு நாளும் அவள்மேல் கை ஓங்கியதில்லை. பிறரிடம் அவரைப் பற்றி அவள் சொல்லக்கூடிய ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

இடது கை விரலை வெட்டின்மேல் வைத்தாள். பிளேடுக்கு நேர் கீழே.

"வேணாங்க."

ஹாக்ஸா நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று...



ஐந்து. ஆறு.

நின்றுவிட்டார் என்று நினைத்தாள். அவ்வளவு வருடத்துக்கு இதாவது மிச்சம் என்று நினைத்தாள்.

ஏழு.

"ஹ்ம்ம்."

ஸ்ர்ர்க்.

வலி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு ஒன்று. வயிற்றிலிருந்து கிளம்பி வாய் வழியாக வந்தது.

"நீ!"

நாற்பது வருடத்தில் அவரை அவள் நீ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. 'ங்க' போயே போய்விட்டது.

"நீ எத்தன தடவ அறுத்தாலும் நான் ஒட்டுவேன். உனக்கு அறுக்க மட்டும்தான் தெரியும். அதுவும் ஒழுங்காத் தெரியாது."

டங்.

ஹாக்ஸா தரையில் விழுந்தது. வெளியே வண்டிச் சத்தம் குபீரென்று திரும்பி வந்தது.

*

கிளினிக்கில் டாக்டரம்மா தையல் போட்டுக்கொண்டே கேட்டார்.

"எதுல வெட்டுச்சு?"

"ஹாக்ஸா."

"நீங்களே வெட்டிக்கிட்டீங்களா?"

"இல்ல. வீட்டுக்காரர்."

டாக்டரம்மாவின் கை நின்றது. குரலைத் தாழ்த்தினார். "பயப்படாம சொல்லுங்க. போலீஸ்ல சொல்லணுமா?"

"போன வருஷமே போயிட்டாரு."

டாக்டரம்மா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சீட்டில் 'தவறுதலாக' என்று எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க நெட்டை அதிகாரி வந்தார். மணி இரண்டு இருக்கும். கட்டுப் போட்ட கையோடு அவள் மூட்டு ஒட்டுவதை நின்று பார்த்தார்.  டார்ச்சை அவள் அணைத்த பிறகுதான் பேசினார்.

"அம்மா, நீங்கதான் செஞ்சீங்க. எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா காட்சியகத்துல வைக்கிற பலகையில பேர் மாத்தணும்னா மேலிடத்துல ஆதாரம் கேப்பாங்க. ஒரு போட்டோ, ஒரு கடிதாசு... ஏதாவது?"

"அசல் கெடைச்சா ஆதாரம் இருக்கு."

"எப்படி?"

 யாரிடமும் சொல்லாத விஷயம் அது. மாஸ்டருக்கே தெரியாது.

"பெடல் அச்சு ஓடற குட்டைக் குழாய் இருக்கில்ல, அதுக்கு அடியில என் பேர எழுத்து அச்சு வச்சு அடிச்சிருக்கேன். அஞ்சு எழுத்து. பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி நாள், அவரு தூங்கறப்போ. சுத்தியல் மேல துணி சுத்தி அடிச்சேன், முழிச்சுக்கக் கூடாதுன்னு."

அதிகாரி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அவர் முகம் பிரகாசமாகிவிட்டது. "இது போதும்மா. தயாரிப்பாளரோட வாரிசுங்கள மறுபடி பிடிச்சுத் தேடச் சொல்றேன். அசல் மட்டும் கெடைக்கட்டும். அன்னிக்கே பலகைய மாத்திடலாம்."

அவர் பேசி முடித்தபோது, பெஞ்சு பக்கம் கிரீச் என்று ஒரு சத்தம் கேட்டது. எலி என்று நினைத்து அதிகாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். பெஞ்சு காலி.

அதற்குப் பிறகு வெட்டு விழவில்லை.

புதன்கிழமை பயந்துகொண்டே சாப்பிடப் போய் வந்தாள். கழுத்து முழுசாக இருந்தது. ஹாக்ஸா வைத்த இடத்தில் இருந்தது. வியாழன், வெள்ளி, சனி, ஒன்றுமில்லை. பெஞ்சில் மறுபடி குழாய்களை அடுக்கினாள். அடுக்கியபடியே இருந்தன. பட்டறை லேசாகிவிட்டது, ஆள் காலி செய்துகொண்டு போன அறை மாதிரி இருந்தது என்றாள். வெட்கப்பட்டுப் போய்விட்டார் என்று நினைத்தாளாம். ஒரு மத்தியானம் அவருக்காகக் கொஞ்சம் அழக்கூடச் செய்தாளாம்.

வெட்டு நின்ற பத்தாவது நாள் சைக்கிள் முடிந்தது. வர்ணம் அடித்து நிறுத்தியபோது மகன் வந்து பார்த்தான். கழுத்தைத் தடவினான். நாற்காலியைத் தடவினான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். முன்கடையில் போன் அடித்தது. போய்விட்டான்.

காட்சியகத்தில் திறப்பு விழா நடந்தது. பலகையில், 'அசலை உருவாக்கியவர்: வாத்து சைக்கிள் மாஸ்டர். மாதிரியைச் செய்தது: அவரது பட்டறை.' அவளை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். டீ கொடுத்தார்கள். "கொஞ்ச நாள் பொறுத்துக்குங்கம்மா" என்று நெட்டை அதிகாரி காதோடு சொன்னார். முப்பத்திரண்டு வருடம் பொறுத்தவளுக்குக் கொஞ்ச நாள் பெரிதில்லை.

*

ஐந்து வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு இருபதுக்கு அதிகாரியிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, கெடைச்சிடுச்சு."

தயாரிப்பாளரின் பழைய கிடங்கு ஒன்று வேறு ஊரில் இருந்ததாம். பட்டறையிலிருந்து முந்நூறு மைல். அதன் கடைசி அறையில், ஆணி அடித்து, கம்பி சுற்றி, அரக்கு முத்திரை வைத்த மரப்பெட்டி. முத்திரையில் படம் முடிந்த வருடம். நாலு பேர் சாட்சிக்கு நிற்க, வீடியோ எடுத்துக்கொண்டே, பதினொன்று நாற்பதுக்கு முத்திரையை உடைத்தார்கள்.

"சைக்கிள் அப்படியே இருக்கும்மா. நாற்காலி, சக்கரம் எல்லாம். மேல ஒரே தூசி." அவர் குரல் சரியாக இல்லை. "கவுத்துப் பாத்தோம். பேர்..."

"இருக்கா?"

"அரம் போட்டிருக்கும்மா."



"அப்பவே பாத்துட்டாரா? அந்தக் காலத்துலயே அழிச்சிட்டாரா?"

"இல்லம்மா. அதான் எங்களுக்கு வெளங்கல. பெட்டிக்குள்ள மத்த இரும்பெல்லாம் துரு. அந்த இடம் மட்டும் பளபளன்னு இருக்கு. அடியில விரிச்ச காகிதத்துல, தூசிக்கு மேல, புதுத் தூள் கெடக்கு. முத்திரை உடையல. ஆணி அசையல. நாங்கதான் திறந்தோம்."

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"நாலு எழுத்து சுத்தமாப் போயிடுச்சு. அஞ்சாவது எழுத்து பாதி இருக்கு. நாங்க திறக்கறப்போ... யாரோ பாதியில விட்டுட்டுப் போன மாதிரி." பக்கத்தில் இருந்தவர்களை விட்டு அவர் தள்ளிப் போவது கேட்டது. "அந்தத் தூளத் தொட்டுப் பாத்தேன்மா. சுட்டுச்சு."

இரண்டு சைக்கிளும் இன்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பலகை மாறவில்லை. பாதி எழுத்தை வைத்துக்கொண்டு யார் பெயரையும் எழுத முடியாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். நெட்டை அதிகாரி நேர்மையான மனிதர். பெட்டி, முத்திரை, துரு, அரம் போட்ட தடம் எல்லாவற்றையும் அறிக்கையில் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார். தூள் சுட்டதை மட்டும் எழுதவில்லை.